கேமரா கோப்புகளை எடிட்டிங்குக்குத் தயார் செய்தல்: எதை நகலெடுப்பது, எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

கேமராவில் எடுத்த காட்சிகள் எடிட்டிங் டைம்லைனுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது, மெமரி கார்டில் உள்ளவற்றை ஒரு பைட்கூடக் குறையாமல் கணினிக்கு நகலெடுப்பது. இரண்டாவது, எடிட்டிங் மென்பொருள் தடங்கலின்றி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு அவற்றை மாற்றுவது. முதல் வேலை ஒவ்வொரு முறையும் கட்டாயம். இரண்டாவதைக் காரணம் இருந்தால் மட்டுமே செய்ய வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், கார்டைச் செருகிய கையோடு ஏதாவதொரு கன்வெர்ட்டரைத் திறந்து எல்லாவற்றையும் எம்பி4 ஆக மாற்றிவிட்டு மூலக் கோப்புகளை அழித்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் படத்தின் தரம் ஒரு படி இறங்கும், டைம்கோடும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உரிய நேர எண்) படப்பிடிப்புத் தேதியும் தொலைந்துபோகக்கூடும், பிற்பாடு சிக்கல் தெரியவரும்போது திரும்பிச் செல்ல மூலமும் இருக்காது. ஆகவே முதலில் நகலெடுத்தலையும், பிறகு கோப்பைப் பரிசோதித்தலையும், அதன் பின்னரே மாற்றத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

கார்டிலிருந்து கணினிக்கு

கேமராவைக் கேபிள் மூலம் கணினியில் இணைப்பதைவிடக் கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் போடுவதே நல்லது. கேபிளில் இணைக்கும்போது பல கேமராக்கள் எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் பேசுகின்றன. அம்முறையில் வீடியோக்களும் படங்களும் மட்டுமே கண்ணில் பட்டு, அவற்றோடு கேமரா எழுதிவைத்த துணைக் கோப்புகள் மறைந்துபோகலாம். பாதியில் கேமராவின் பேட்டரி தீர்ந்துவிடும் அபாயமும் உண்டு. ரீடரின் வேகமும் கவனிக்கத்தக்கது. யுஎஸ்பி 2.0 ரீடர் நடைமுறையில் வினாடிக்கு 35 மெகாபைட் அளவில்தான் தரும் என்பதால் நிரம்பிய 64 ஜிபி கார்டுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். யுஎச்எஸ்-1 என்ற வேக வகைக் கார்டை யுஎஸ்பி 3.0 ரீடரில் போட்டு வினாடிக்கு 90 மெகாபைட் கிடைத்தால் அதே வேலை பன்னிரண்டு நிமிடத்தில் முடியும்.

நகலெடுக்கும்போது வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல், கார்டில் உள்ள கோப்புறைகள் அனைத்தையும் அதே அமைப்பில் எடுங்கள். சோனி கேமராக்களின் எக்ஸ்ஏவிசி எஸ் பதிவுகள் 'பிரைவேட்' கோப்புறைக்குள் 'எம்4ரூட்', அதற்குள் 'கிளிப்' என்ற இடத்தில் இருக்கும். ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு உட்கார்ந்திருக்கும். அதில் பதிவு நேரம், காமா வகை (ஒளி அளவுகளை எழுதும் முறை), டைம்கோடு போன்ற விவரங்கள் உள்ளன. சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில், எம்டிஎஸ் எனப்படும் வீடியோ கோப்புகள் 'ஸ்ட்ரீம்' என்ற கோப்புறையில் இருந்தாலும் எந்தக் கோப்பு எதன் தொடர்ச்சி என்ற தகவல் அதற்கு வெளியே, வேறு கோப்புறைகளில் இருக்கிறது. 'ஸ்ட்ரீம்' கோப்புறையை மட்டும் இழுத்துப் போட்டால் அந்தத் தகவல் போய்விடும். துணைக் கோப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் அளவில் மிகச் சிறியவை. அவற்றை விட்டுவிடுவதால் மிச்சமாகும் இடம் ஒன்றுமில்லை.

கணினியில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தாய்க் கோப்புறை, அதற்குள் 'மூலம்', 'ப்ராக்ஸி', 'மாற்றியவை', 'ஒலி' எனப் பிரிவுகள் வைத்துக்கொள்ளலாம். 'மூலம்' என்பதற்குள் தேதி, கேமரா, கார்டு எண் ஆகியவற்றைக் கொண்டு '2025-03-14_ஏகேமரா_கார்டு02' என்பதுபோல் பெயரிட்டு, கார்டின் உள்ளடக்கத்தை அதற்குள் அப்படியே இடுங்கள். கோப்புறைக்குப் பெயர் வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் கேமரா கோப்புகளின் பெயரை மாற்றக் கூடாது. 'சி0012' என்று கேமரா வைத்த பெயரை 'மாலைக்காட்சி' என்று மாற்றினால் பக்கத்திலிருக்கும் எக்ஸ்எம்எல் கோப்போடு அதன் உறவு அறுந்துவிடும். விளக்கமான பெயர் வேண்டுமென்றால் எடிட்டிங் மென்பொருளுக்குள் கிளிப்பின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அது வட்டில் உள்ள கோப்பைத் தொடாது.

நகல் முடிந்தது என்று திரையில் வந்துவிட்டால் நகல் சரி என்று பொருளல்ல. மூலத்தையும் நகலையும் செக்சம் மூலம் ஒப்பிட வேண்டும். செக்சம் என்பது கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் படித்துக் கணக்கிடப்படும் ஒரு நீண்ட எண். இரண்டு பக்கமும் அது ஒன்றாக இருந்தால் கோப்பும் ஒன்றே என்று கொள்ளலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் மீடியா பக்கத்தில் உள்ள 'குளோன் டூல்' இதை நகலெடுக்கும்போதே செய்துவிடுகிறது, இலவசப் பதிப்பிலும் அது கிடைக்கிறது. விண்டோஸில் டெராகாப்பி போன்ற மென்பொருள்களும், கமாண்ட் லைன் பழகியவர்களுக்கு ஆர்சிங்க்கும் இதே வேலைக்கு உதவும். இரண்டு வெவ்வேறு வட்டுகளில் சரிபார்த்த நகல் வந்து சேரும் வரை கார்டை ஃபார்மட் செய்ய வேண்டாம். ஃபார்மட் செய்யும்போது அதைக் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே செய்யுங்கள். தனக்கு வேண்டிய கோப்புறை அமைப்பைக் கேமராவே எழுதிக்கொள்ளும். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் பயன்படுத்தும் எக்ஸ்ஃபாட் கோப்பு அமைப்பில் ஜர்னலிங் (பாதியில் நின்ற எழுத்தைச் சீர்செய்ய உதவும் பதிவேடு) வசதி இல்லை என்பதால், கார்டை முறைப்படி 'எஜெக்ட்' செய்யாமல் உருவிவிட்டால் கோப்புப் பட்டியல் சிதைய வாய்ப்புண்டு.

துண்டுகளாக வரும் கிளிப்புகள்

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் எடுத்த பதிவு கார்டில் பல கோப்புகளாக இருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பதுண்டு. சிறிய கார்டுகளின் ஃபாட்32 கோப்பு அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதே இதற்கு மூல காரணம். பெரிய கார்டுகளில் அந்தத் தடை இல்லாவிட்டாலும் சில கேமராக்கள் வேறு காரணங்களுக்காகத் துண்டாக்கும் வழக்கத்தைத் தொடர்கின்றன. கோப்ரோவின் பெயரிடும் முறை இங்கே குழப்பம் தரும். 'ஜிஎக்ஸ்010034' என்பதன் தொடர்ச்சி 'ஜிஎக்ஸ்010035' அல்ல, 'ஜிஎக்ஸ்020034'தான். முதல் இரண்டு இலக்கங்கள் துண்டின் வரிசையையும் கடைசி நான்கு இலக்கங்கள் பதிவின் எண்ணையும் குறிக்கின்றன. பெயர் வரிசையில் அடுக்கினால் வெவ்வேறு பதிவுகளின் முதல் துண்டுகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் என்பதால், தேதி வரிசையில் அடுக்கிப் பார்ப்பது நல்லது.

ஏவிசிஎச்டி துண்டுகளைத் தனித்தனியே டைம்லைனில் ஒட்டினால் ஒட்டும் இடத்தில் ஒலி ஒரு கணம் விட்டுப்போகலாம். கோப்புறை அமைப்பு முழுமையாக இருந்து, எடிட்டிங் மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளும் வழியாக இறக்கினால் துண்டுகள் ஒரே கிளிப்பாக வந்து சேரும். பிரீமியர் ப்ரோவில் சாதாரண 'இம்போர்ட்' மூலமாக அல்லாமல் 'மீடியா பிரவுசர்' வழியாகச் செல்லச் சொல்வது இதற்காகத்தான்.

கோப்பைத் திறந்து பார்த்தல்

மாற்றுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்குமுன் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். இதற்கு மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். கிளிப்பை அதன் மேல் இழுத்துப் போட்டுப் பார்வையை 'ட்ரீ' அல்லது 'டெக்ஸ்ட்' என்று வைத்தால் எல்லா விவரமும் வரிசையாக வரும்.

முதலில் கன்டெய்னரையும் (கோப்பின் உறை) கோடெக்கையும் (படத்தைச் சுருக்கி எழுதும் முறை) பிரித்துப் பாருங்கள். எம்பி4, எம்ஓவி, எம்டிஎஸ் ஆகியவை கடித உறையைப் போன்றவை. உள்ளே இருக்கும் கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு எம்ஓவி கோப்புக்குள் எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், ப்ரோரெஸும் இருக்கலாம். எடிட்டிங்கில் கணினி திணறுவதற்கும் திணறாததற்கும் காரணம் கோடெக்தான், கோப்பு நீட்சிப் பெயர் அல்ல.

அடுத்துக் கவனிக்க வேண்டியவை பிட் டெப்த் (வண்ணப் படிகளின் நுணுக்கம்), குரோமா சப்சாம்ப்ளிங் (வண்ண விவரம் எவ்வளவு குறைக்கப்படுகிறது என்பது; 4:2:0, 4:2:2 என எழுதப்படும்), ஃபிரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை ஃபிரேம்), ஃபிரேம் ரேட் மோட் (அது நிலையானதா என்பது), ஸ்கேன் டைப் (முழுப் படமா, வரி வரியாகப் பிரித்த படமா என்பது), ஒலியின் வடிவம் ஆகியவை. ஓர் உதாரணம்: சோனி ஏ7 3 கேமராவின் 4கே கிளிப்பைத் திறந்தால் எச்.264, 3840க்கு 2160, 8 பிட், 4:2:0, வினாடிக்கு 100 மெகாபிட், ஒலி பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) 48 கிலோஹெர்ட்ஸ் என்பதுபோல் வரும். 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் வினாடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் வட்டில் எவ்வளவு இடம் தேவை என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே சொல்லிவிடலாம்.

எதற்காக மாற்றுகிறோம்

எச்.264உம் எச்.265உம் கார்டில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அமைந்தவை. பெரும்பாலான கேமராக்கள் இவற்றை 'லாங் ஜிஓபி' முறையில் எழுதுகின்றன. அதாவது, ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒரு ஃபிரேம் மட்டுமே முழுப் படமாகச் சேமிக்கப்படுகிறது. இடையிலுள்ளவை முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்புகளாக மட்டும் இருக்கின்றன. நேராக ஓட்டிப் பார்க்கும்போது இதில் சிரமம் இல்லை. ஆனால் எடிட்டர் செய்வது அதுவல்ல: பிளேஹெட்டை எங்கோ நடுவில் வைக்கிறார், பின்னோக்கி ஓட்டுகிறார், ஒரு ஃபிரேம் முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் கணினி அருகிலுள்ள முழு ஃபிரேமுக்குப் போய் அங்கிருந்து கணக்கிட்டுக்கொண்டு வர வேண்டும். பின்னோக்கி ஓட்டும்போது இந்தச் சுமை பல மடங்காகிறது. ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்ஹெச்ஆர், சினிஃபார்ம் போன்ற கோடெக்குகளில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்பதால் எங்கே வைத்தாலும் உடனே படம் வரும். அதற்கு விலையாகக் கோப்பு பெரிதாகிறது.

இந்தச் சுமையைக் குறைக்கக் கணினியின் கிராபிக்ஸ் பகுதியில் வன்பொருள் டிகோடர் இருக்கிறது. 8 பிட் 4:2:0 எச்.264 என்றால் இன்றைய கணினிகள் பெரும்பாலும் எளிதாக ஓட்டிவிடும். சிக்கல் 10 பிட் 4:2:2 பதிவுகளில் வருகிறது. எச்.265 10 பிட் 4:2:2க்கு 11ஆம் தலைமுறை முதலான இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸிலும் ஆப்பிளின் எம்1 முதலான சிப்களிலும் வன்பொருள் உதவி உண்டு. என்விடியாவில் அது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. எச்.264 10 பிட் 4:2:2 நிலைமை அதைவிட மோசம். பானசோனிக் ஜிஎச்5 போன்ற கேமராக்களின் அவ்வகைப் பதிவுகளைப் பல கணினிகளில் செயலி மட்டுமே சுமக்க வேண்டியிருக்கும். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தும் சாதாரண 4கே கிளிப் விட்டுவிட்டு ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே சோதனை எளிது. மிகக் கனமான கிளிப்புகளில் மூன்று நான்கை எடுத்து டைம்லைனில் போட்டு, வேகமாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெட்டுகள் சில போட்டு ஓட்டுங்கள். கலர் திருத்தம் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். தடங்கல் இல்லையென்றால் எதையும் மாற்றத் தேவையில்லை, மூலக் கோப்பிலேயே வேலை செய்யலாம். ஐந்து நிமிடக் காணொளிக்காக ஒரு மணி நேரப் பதிவை டிரான்ஸ்கோடு செய்து (வேறு கோடெக்குக்கு மாற்றி) காத்திருப்பது வீண்.

உறையை மட்டும் மாற்றுதல்

மென்பொருள் கோப்பை ஏற்கவே மறுக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது அது அறிந்த கோடெக்தான் என்றால், கன்டெய்னரை மட்டும் மாற்றினால் போதும். இதை ரீமக்ஸ் அல்லது ரீராப் என்பார்கள். படம் மறுபடி என்கோடு செய்யப்படுவதில்லை; ஆகையால் தரம் துளியும் குறையாது, நகலெடுக்க ஆகும் நேரமே இதற்கும் ஆகும். எஃப்எஃப்எம்பெக் என்ற கமாண்ட் லைன் கருவியின் மேல் கட்டப்பட்ட ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் 'ரீராப்' என்ற செயல்பாடு இருக்கிறது. கோப்புகளை இழுத்துப் போட்டு, வெளியீட்டு வடிவமாக எம்ஓவியைத் தேர்ந்தெடுத்து ஓடவிட வேண்டியதுதான். ஏவிசிஎச்டியில் ஒலி பெரும்பாலும் டால்பி ஏசி3 ஆக இருக்கும். படம் வந்து ஒலி வராத கிளிப்புகளுக்கு, படத்தை அப்படியே விட்டு ஒலியை மட்டும் பிசிஎம் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றினால் தீரும். அதற்கும் எம்பி4ஐவிட எம்ஓவி உறையே தொல்லையற்றது.

ப்ராக்ஸி

கோப்பு திறக்கிறது, ஆனால் ஓடத் திணறுகிறது என்றால் என் முதல் தேர்வு ப்ராக்ஸிதான், முழு டிரான்ஸ்கோடு அல்ல. ப்ராக்ஸி என்பது எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல். இறுதி எக்ஸ்போர்ட்டின்போது மென்பொருள் மூலக் கோப்புக்கே திரும்பிவிடும் என்பதால் ப்ராக்ஸியின் தரம் இறுதிப் படத்தைப் பாதிக்காது. 4கே பதிவுக்கு 1920க்கு 1080 அளவில் ப்ரோரெஸ் 422 ப்ராக்ஸி எடுத்தால் 25 ஃபிரேமில் வினாடிக்கு 38 மெகாபிட், மணிக்குச் சுமார் 17 ஜிபி ஆகும். வட்டில் இடம் மிகக் குறைவு என்றால் 1280க்கு 720 அளவில் 8 பிட் எச்.264 எடுக்கலாம், அது லாங் ஜிஓபியாக இருந்தாலும் எந்தக் கணினியும் சுமக்கும் அளவுக்கு இலகுவானது.

முக்கிய எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் ப்ராக்ஸியை உள்ளிருந்தே உருவாக்கலாம்: ரிசால்வில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து 'ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா', பிரீமியரில் 'இன்ஜெஸ்ட்' அமைப்பு அல்லது கிளிப்பின் ப்ராக்ஸி மெனு, ஃபைனல் கட்டில் இம்போர்ட் சாளரத்திலேயே ஒரு டிக். இந்த வழியில் போனால் பெயரும் இணைப்பும் தானாகவே சரியாக அமையும். வெளியே வேறு மென்பொருளில் தயாரிக்கிறீர்கள் என்றால் ஃபிரேம் ரேட், டைம்கோடு, படத்தின் அகல உயர விகிதம், மொத்த நீளம், ஒலிச் சேனல்களின் எண்ணிக்கை ஆகிய ஐந்தும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது கடைசியில்தான். மூலத்தில் நான்கு சேனல் ஒலி இருக்க, ப்ராக்ஸியில் இரண்டு சேனல் ஸ்டீரியோ இருந்தால் பிரீமியர் அதை இணைக்க மறுத்துவிடும். ரிசால்வில் மூலக் கோப்புகள் இருக்கும் இடத்திலேயே ஆங்கிலத்தில் 'ப்ராக்ஸி' என்ற பெயரில் ஒரு துணைக் கோப்புறை வைத்து, அதே பெயருடைய கோப்புகளை அதில் போட்டால், 18ஆம் பதிப்பு முதல் அது தானே கண்டுபிடித்து இணைத்துக்கொள்கிறது.

கலர் திருத்தம், குரோமா கீ (பச்சைத் திரையை நீக்குதல்), படத்தைப் பெரிதாக்குதல் போன்ற வேலைகளின்போது ப்ராக்ஸியை அணைத்து மூலத்தைப் பார்க்க வேண்டும். பச்சைத் திரையின் ஓரத்தை 720 ப்ராக்ஸியில் சீர் செய்வதில் பயனில்லை.

முழு டிரான்ஸ்கோடு

முழுத்தரத்தில் வேறு கோடெக்குக்கு மாற்றுவது சில நேரங்களில் தவிர்க்க முடியாதது: மென்பொருளுக்கு அந்தக் கோடெக்கே தெரியாதபோது, ஃபிரேம் ரேட் நிலையாக இல்லாதபோது, அல்லது பல கேமராக்களின் பதிவுகளை வேறொருவரிடம் ஒரே வடிவில் ஒப்படைக்க வேண்டியிருக்கும்போது. தேர்வு செய்வதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மேக் சார்ந்த வேலைக்கு ப்ரோரெஸ் 422, விண்டோஸ் அல்லது லினக்ஸ் சார்ந்த வேலைக்கு டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்பது வழக்கம், ஆனால் இன்று இரண்டு பக்கமும் இரண்டும் திறக்கும். டிஎன்எக்ஸ்ஹெச்ஆரில் எஸ்க்யூ, எச்க்யூ இரண்டும் 8 பிட் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். மூலம் 10 பிட் என்றால் எச்க்யூஎக்ஸ் தேவை. ப்ரோரெஸ் 422 வகைகள் எல்லாமே 10 பிட்.

இடத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். ப்ரோரெஸ் 422, 1080 அளவில் 25 ஃபிரேமுக்கு வினாடிக்கு 122 மெகாபிட், மணிக்கு 55 ஜிபி. அதையே 4கேயில் எடுத்தால் 492 மெகாபிட், மணிக்கு 221 ஜிபி. மேலே சொன்ன 45 ஜிபி கிளிப் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. ப்ரோரெஸ் 422 எச்க்யூ வகைக்குப் போனால் இன்னும் ஒன்றரை மடங்கு. 8 பிட் 4:2:0 மூலத்தை எச்க்யூவாக மாற்றுவதால் இல்லாத வண்ணம் வந்துவிடாது, வட்டு மட்டுமே நிறையும். அத்தகைய பதிவுகளுக்கு ப்ரோரெஸ் 422 அல்லது அதற்கும் கீழான எல்டி போதுமானது.

மாற்றும்போது வேறெந்த 'மேம்படுத்தலும்' செய்ய வேண்டாம். அளவைக் குறைப்பது, கூர்மை கூட்டுவது, இரைச்சல் நீக்குவது, 25 ஃபிரேமை 30 ஆக்குவது எல்லாம் எடிட்டிங்கின் பகுதி, இறக்குமதியின் பகுதி அல்ல. குறிப்பாக எஸ்-லாக்3, சி-லாக், வி-லாக் போன்ற லாக் காமாவில் (பிற்பாடு கலர் திருத்துவதற்காக மாறுபாட்டைக் குறைத்து எழுதும் முறை) எடுத்த பதிவுகள் வெளிறித் தெரிவதைப் பார்த்துவிட்டு, மாற்றும்போதே லட் (வண்ணத்தை மாற்றும் ஆயத்த அட்டவணை) ஒன்றைப் பூசிவிடும் ஆசை வரும். அப்படிப் பூசியதும் வெட்டுப்பட்ட வெளிச்சப் பகுதிகள் பிறகு திரும்பி வராது. ப்ராக்ஸியில் வேண்டுமானால் லட்டைப் பூசிக்கொள்ளலாம், ஆனால் மென்பொருளில் மறுபடியும் அதே லட் போடப்பட்டு இரண்டு மடங்கு மாறுபாட்டில் படம் தெரியும் குழப்பத்துக்குத் தயாராக இருக்க வேண்டும்.

மாற்றிய கிளிப் மூலத்தைவிடக் கறுத்தோ வெளுத்தோ தெரிந்தால் ஒளி அளவின் வரம்பைப் பாருங்கள். 8 பிட்டில் சில கேமராக்கள் 0 முதல் 255 வரை முழு வரம்பிலும், மற்றவை 16 முதல் 235 வரையிலும் எழுதுகின்றன. மாற்றும் மென்பொருள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் நிழல் அடைத்துப்போகும், அல்லது கறுப்பு சாம்பலாகும்.

நிலையற்ற ஃபிரேம் ரேட்

கைப்பேசிப் பதிவுகளிலும் திரைப்பதிவுகளிலும் வரும் இந்தச் சிக்கலுக்குத் தனியாகச் சற்று நேரம் ஒதுக்க வேண்டும். கேமரா என்றால் வினாடிக்கு 25 என்று வைத்தால் எப்போதும் 25தான். கைப்பேசியோ வெளிச்சம் குறையும்போதும் செயலி சூடேறும்போதும் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் எழுதுகிறது. மீடியாஇன்ஃபோவில் 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்' என்றும், அதன்கீழ்க் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரு வேறு எண்களும் இருந்தால் இதுதான் நிலைமை. எடிட்டிங் டைம்லைன் சீரான இடைவெளியை எதிர்பார்க்கிறது. ஆகவே தொடக்கத்தில் உதடும் ஒலியும் பொருந்தி, இருபது நிமிடம் கழித்துப் பேசியவரின் வாய் மூடிய பிறகு சொல் வரும். ஒலியை இழுத்து நேர்செய்தாலும் ஓரிடத்தில் பொருந்தி இன்னோரிடத்தில் விலகும், ஏனென்றால் விலகல் சீரானதல்ல.

இதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். வீடியோ தாவலில் ஃபிரேம் ரேட்டைப் பதிவின் பெயரளவு எண்ணுக்கு, அதாவது 30 அல்லது 29.97க்கு வைத்து, அதற்குக் கீழே 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; 'பீக்' என்று இருப்பதை விட்டுவிட்டால் சிக்கல் அப்படியே தொடரும். தரத்துக்கான ஆர்எஃப் எண் குறையக் குறையத் தரம் கூடும். எடிட்டிங்குக்குப் போகும் கோப்பு என்பதால் இயல்பாக இருக்கும் 22ஐ விட்டு 16 அளவில் வையுங்கள். கைப்பேசி எச்டிஆர் முறையில் எடுத்த 10 பிட் பதிவு என்றால் என்கோடரும் 10 பிட் வகையாக இருக்க வேண்டும், இல்லையேல் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரியும். மாற்றி முடித்ததும் கிளிப்பின் கடைசி நிமிடத்துக்குப் போய், யாராவது பேசும் இடத்தையோ கை தட்டும் இடத்தையோ பார்த்து உறுதிசெய்யுங்கள். தொடக்கத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு கட்டுவதில் அர்த்தமில்லை.

29.97க்கும் 30க்கும் உள்ள வேறுபாட்டையும் அலட்சியம் செய்யக் கூடாது. 29.97 ஃபிரேம் கிளிப்பை 30 என்று தவறாக எடுத்துக்கொண்டு ஓட்டினால் மணிக்கு 3.6 வினாடி விலகும். தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலியோடு நீண்ட பதிவைப் பொருத்தும்போது இது பளிச்சென்று தெரியும்.

பழைய கேம்கார்டர்களின் இன்டர்லேஸ் பதிவுகள் (ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் தனித்தனி அரைப் படங்களாக எழுதுபவை) பற்றி ஒரு சொல். ஸ்கேன் டைப் 'இன்டர்லேஸ்டு' என்று காட்டும், வினாடிக்கு 50 அரைப் படங்கள் கொண்ட 1080 பதிவை 25 ஃபிரேமாக மாற்றினால் அசைவின் பாதி தகவல் போய்விடும். 50 ஃபிரேம் புரோகிரசிவாக (முழுப் படங்களாக) மாற்றினால் அசைவு மூலத்தில் இருந்தபடியே மென்மையாக இருக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் இதற்கு 'பிடபிள்யூடிஐஎஃப்' என்ற ஃபில்டர் நல்ல பலன் தருகிறது.

திட்டத்தைத் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும்

கிளிப்புகள் தயாரான பிறகு டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை முதலில் தீர்மானியுங்கள். ரிசால்வில் மீடியா பூலுக்குள் கிளிப் வந்துவிட்டால் திட்டத்தின் ஃபிரேம் ரேட்டை மாற்ற அது விடாது. பெரும்பான்மைப் பதிவு எந்த எண்ணில் இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்வது சரியான வழி. பல கிளிப்புகளை வரிசையில் போட்டு மாற்றியிருந்தால், மூலக் கோப்புறையிலும் மாற்றிய கோப்புறையிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் நீளமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் நின்றுபோன மாற்றம் பெரும்பாலும் திறந்து ஓடக்கூடிய, ஆனால் பாதியில் முடிந்துபோகிற கோப்பையே விட்டுச்செல்லும்.

எக்ஸ்போர்ட் செய்யுமுன் ப்ராக்ஸி அணைக்கப்பட்டிருக்கிறதா, மூலக் கோப்புகள் இருக்கும் வட்டு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். ரிசால்வின் டெலிவர் பக்கத்தில் ப்ராக்ஸியையே பயன்படுத்தும்படி ஒரு தேர்வு இருப்பதால் அது தவறுதலாக டிக் ஆகியிருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் 'ப்ராக்ஸி' கோப்புறையை அழித்துவிடலாம், அரை நாளில் மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும். 'மாற்றியவை' கோப்புறையைத் திட்டக் கோப்பு நேரடியாகச் சுட்டுவதால் அதைத் திட்டத்தோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும். 'மூலம்' கோப்புறையோ எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கப்படாமல், கார்டிலிருந்து வந்த அதே அமைப்பில், செக்சம் பட்டியலோடு இரண்டு வட்டுகளிலும் இருக்கட்டும்.